ஸ்காப்பா ஃப்ளோவின் குளிர்நீரில் கருவிக் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னித் தீவுகளின் நடுவில் அமைந்த உள்கடல் ஸ்காப்பா ஃப்ளோ. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த 74 ஜெர்மானியப் போர்க்கப்பல்களை மூழ்கடிக்குமாறு அவற்றின் தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று ஆணையிட்டார். 52 கப்பல்கள் மூழ்கின. பெரும்பாலானவை பிற்காலத்தில் உலோகத்துக்காக வெளியே எடுக்கப்பட்டுவிட்டன. கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் என்னும் மூன்று பெரும் போர்க்கப்பல்களும் ட்ரெஸ்டன், கோல்ன், ப்ரும்மர், கார்ல்ஸ்ரூகே என்னும் நான்கு குரூசர்களும் இன்னும் அடியில் கிடக்கின்றன. ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கார்ல்ஸ்ரூகேயிலிருந்து ஏறத்தாழ 45 மீட்டரில் கிடக்கும் மார்க்கிராஃப் வரை இவற்றை முக்குளித்துக் காண வருகிறவர்களின் கருவிகளில் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே வகையான கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைச் சரிசெய்து பழகியதில் உருவான வரிசையே கீழே இருப்பது.

இளவேனில் தொடக்கத்தில் இங்கே நீரின் வெப்பம் 6, 7 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கோடை முடிவில்கூட 13 டிகிரியைப் பெரிதும் தாண்டாது. ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிக்க காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரில், சிலிண்டரோடு இணையும் பகுதியான முதல் நிலையைத் திறப்பது, சிலிண்டர் வால்வைப் பிரிப்பது ஆகிய இரண்டும் அந்தத் தயாரிப்புக்குப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரின் வேலை. படகில் திருகுச் சாவி கிடைக்கிறது என்பதற்காக யாரும் அதில் கை வைக்கக் கூடாது. மூச்சு விடும் கருவியில் காரணம் தெரியாமல் தானே சரியாகிவிட்ட கோளாறைச் சரியானதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். காரணம் தெரியும் வரை அந்தக் கருவி நீரில் இறங்கக் கூடாது.

அறிகுறி 1: ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்டுகிறது

குளிர்நீரில் மிகுதியாக வருவதும் மிகுந்த ஆபத்துடையதும் இதுவே என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். சிலிண்டரில் 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் அடைபட்டிருக்கும் காற்று முதல் நிலையில் ஏறத்தாழ 10 பாருக்கு இறங்கும்போது விரிந்து, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது. அந்த வழியில் ஒரு துளி ஈரம் இருந்தால் அது பனிக்கட்டியாகி, வால்வை மூடவிடாமல் தடுக்கும்.

*மேல்தளத்தில், சிலிண்டரைத் திறந்தவுடன் கொட்டினால்*

முதலில் வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பி, ஒரு கணம் விரலால் அடைத்துப் பார்க்க வேண்டும். வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலையின் பக்கத்தில் உள்ள சிறு நெம்பு 'நீருக்குள்' என்னும் நிலையில் விடப்பட்டிருந்தால் காற்று தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கொட்டும். அதை 'நீருக்கு மேலே' என்னும் நிலைக்கு மாற்றினால் நின்றுவிடும். மூச்சின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு முழுவதும் தளர்ந்திருந்தால் இரண்டு சுற்று உள்ளே திருக வேண்டும். நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இவற்றுக்குப் பின்னும் நிற்காவிட்டால் சிலிண்டரை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, இரண்டாம் நிலையைச் சுத்தமான வெதுவெதுப்பான நன்னீரில் முக்கி வைக்க வேண்டும். காய்ந்த உப்பும் மணலும் கரைந்து போகும். கொதிநீர் கூடாது. மறுபடியும் கொட்டினால் வால்வு அழுந்தி மூடும் இருக்கைப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று கொண்டு, அன்றைக்கு வேறு ரெகுலேட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

*முதல் முழுக்கில் நன்றாக இருந்து, இரண்டாம் முழுக்கில் கொட்டினால்*

ஸ்காப்பாவில் வழக்கமாக ஒரு நாளில் இருமுறை இறங்குகிறார்கள்: காலையில் ஆழமான போர்க்கப்பல், பிற்பகலில் ஆழம் குறைந்த ஒன்று. இடையில் சிலிண்டர் நிரப்பப்படுகிறது, ரெகுலேட்டர் கழற்றி மாட்டப்படுகிறது. ஈரம் உள்ளே புகுவது பெரும்பாலும் அந்த இடைவேளையில்தான். ஆகவே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, முதல் நிலையின் தூசிமூடி. மூடியில் தேங்கிய நீரைச் சிலிண்டர் காற்றால் ஊதி உலர்த்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மூடியை முதல் நிலையிலிருந்து விலக்கிப் பிடிக்காமல் ஊதினால் அந்த நீர் வடிகட்டிக்குள் நேராகப் போய்விடும். துணியால் துடைப்பதே நல்லது. இரண்டு, சிலிண்டர் வால்வின் வாய். அலைத் துளியோ மழைத் துளியோ அதில் நிற்கக்கூடும் என்பதால் ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன் வால்வை அரைக் கணம் திறந்து மூடி அதை வெளியேற்ற வேண்டும். மூன்று, ஊதும் பொத்தான். அழுத்தம் இல்லாத ரெகுலேட்டரை நீரில் அலசும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் குழாய் வழியாக நீர் முதல் நிலை வரை ஏறிவிடும். இந்த மூன்றும் செலவில்லாத காரணங்கள். இந்த மூன்றுமே மனிதப் பழக்கங்கள்.

வடிகட்டியின் நுண்துளைத் தகடு பச்சை நிறமாகவோ செம்பழுப்பாகவோ மாறியிருந்தால் நீர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் படகில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வேறு வேறு நபர்களின் ரெகுலேட்டர்கள் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டினால் ரெகுலேட்டர்களை விட்டுவிட்டுக் காற்று நிரப்பும் அமுக்கியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் ஈரமுறிஞ்சி வடிகட்டி தீர்ந்திருக்கக்கூடும். அதைச் சோதிப்பது நிரப்புகிறவரின் பொறுப்பு. கேட்பது நம் பொறுப்பு.

*ஆழத்தில் கொட்டினால்*

40 மீட்டரில் சுற்றழுத்தம் 5 பார். அதாவது அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இழுப்பதைப் போல் ஐந்து மடங்கு காற்று முதல் நிலையைக் கடக்கிறது. குளிர்ச்சியும் அதற்கேற்பக் கூடுகிறது. படபடப்பில் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டே, நீர் புகாத முழு உடையான டிரைசூட்டுக்கும் மிதவைப் பைக்கும் ஒரே நேரத்தில் காற்று விட்டால் உறைவு ஏறத்தாழ அழைத்து வரப்படுகிறது. இறங்கும்போது காற்றைச் சிறுசிறு அளவாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, இரண்டு மூச்சுகளுக்கு நடுவில் விட வேண்டும்.

கொட்டத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டிய வரிசை இது. துணைவருக்கு விளக்கால் சைகை காட்டி, மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, கொட்டுகிற பக்கத்து வால்வை மூட வேண்டும். மூடியபின் ஓரிரு நிமிடத்தில் சுற்றியுள்ள நீரே பனியைக் கரைத்துவிடும். 6 டிகிரி நீர்கூடப் பனிக்கட்டியைவிட வெப்பமானது. கரைந்தபின் அந்த வால்வு அவசரக் கையிருப்பாக மட்டுமே இருக்க வேண்டும். முழுக்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது, மேலே ஏறத் தொடங்க வேண்டும். வால்வு கைக்கு எட்டாவிட்டால், உதடுகளை முழுவதும் மூடாமல் வாயின் ஒரு பக்கத்தில் மிகைக் காற்று வெளியேற வழி விட்டு, அதிலிருந்தே மெதுவாக மூச்சு எடுத்தபடி துணைவரிடம் போக வேண்டும்.

இந்த வரிசை செயல்படுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: இரண்டு முதல் நிலைகள், தனித்தனியாக மூடக்கூடிய இரண்டு வால்வுகளில் இருக்க வேண்டும். ஒரே முதல் நிலையில் இரண்டு இரண்டாம் நிலைகளை மாட்டி வருகிறவரிடம் மாற்று ரெகுலேட்டர் இருப்பது போலத் தோன்றும். முதல் நிலை உறைந்தால் இரண்டும் சேர்ந்தே கொட்டும். இந்தக் கப்பல்களுக்கு அந்த அமைப்புடன் இறங்குவதை நான் ஏற்க மாட்டேன். எந்தக் குழாய் எந்த வால்விலிருந்து வருகிறது என்பதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வலப்பக்க வால்வில் முதன்மை ரெகுலேட்டரும் மிதவைப் பையும், இடப்பக்க வால்வில் மாற்று ரெகுலேட்டரும் டிரைசூட்டும் என்று பிரித்திருந்தால், எந்தப் பக்கத்தை மூடினாலும் மூச்சுக்கு ஒன்றும் மிதப்புக்கு ஒன்றும் கையில் எஞ்சும்.

கப்பலின் அடியில் இருக்கும்போது இது நேர்ந்தால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஸ்காப்பாவின் போர்க்கப்பல்கள் ஏறத்தாழத் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. பீரங்கிகளைப் பார்க்க விரும்புகிறவர் கவிழ்ந்த உடலின் விளிம்புக்குக் கீழே போக வேண்டும், அங்கிருந்து நேராக மேலே ஏற வழி இல்லை. கொட்டும் காற்றின் குமிழிகள் தலைக்கு மேலே உள்ள துருவை உதிர்த்து, சில கணங்களிலேயே பார்வையை மறைத்துவிடும். எனவே வால்வை மூடும் வேலையை நின்ற இடத்திலேயே செய்து, வழிகாட்டிக் கயிற்றைக் கையால் பற்றிக்கொண்டு திறந்த நீருக்கு வர வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும் ஒரு பங்கைத் திரும்புவதற்கும் வைத்து, மீதிப் பங்கைத் தொடாமல் காக்கும் வழக்கம் இத்தகைய நேரத்துக்காகவே ஏற்பட்டது.

*மிதவைக் குறியை ஊதும்போது மட்டும் கொட்டினால்*

இது ரெகுலேட்டரின் குற்றம் அன்று. ஏறுவதற்கு முன் மேலே அனுப்பும் மிதவைக் குறியை மாற்று ரெகுலேட்டரின் பொத்தானை அழுத்தி நிரப்புவது வெப்பக் கடலில் தீங்கற்ற பழக்கம். இங்கே அது ஒரே தொடர்ச்சியில் மிகுந்த காற்றைப் பாய்ச்சி, கருவியை உறைய வைக்கிறது. வெளிவிடும் மூச்சாலோ, குறியுடன் வரும் தனிச் சிறு சிலிண்டராலோ, தாழ்அழுத்தக் குழாயாலோ நிரப்ப வேண்டும்.

*நிறுத்தினாலும் சிறிது நேரத்தில் மெல்லக் கசிந்தால்*

சிலிண்டரைத் திறந்து வைத்து, யாரும் மூச்சு இழுக்காமல் விட்டுவைத்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'புஸ்' என்று சிறிது காற்று வெளியேறுகிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடைப்பட்ட அழுத்தத்தைக் காட்டும் இடைநிலை அழுத்தமானி படகில் இருந்தால் அதை மாட்டிப் பார்க்கலாம். முள் ஓரிடத்தில் நிலைக்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் முதல் நிலையின் உயர்அழுத்த இருக்கை தேய்ந்துவிட்டது. இதைப் படகில் சரிசெய்ய முடியாது. முழுப் பராமரிப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது கருவியின் மேல் பொறித்திருப்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 250 எண்ணுக்குப் பக்கத்தில் 10 டிகிரிக்கு மேல் என்னும் குறி இருந்தால் அந்தக் கருவி இந்த நீருக்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனை முறை பராமரித்தாலும் கோளாறு திரும்பி வரும். கடல்நீர் உட்புகாதபடி அடைக்கப்பட்ட முதல் நிலையும், உலோகத்தால் ஆன இரண்டாம் நிலையும் உடைய வேறொன்றை வாங்குவதே கடைசித் தீர்வு. அது செலவுதான், ஆயினும் ஆண்டுதோறும் தவறான கருவியைப் பராமரிப்பதைவிட அது மேல்.

அறிகுறி 2: மூச்சுடன் நீர் வருகிறது

வாய்ப்பகுதியில் கடித்த இடம் கிழிந்திருக்கிறதா, அதைப் பிணைக்கும் பட்டை அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது வெளிமூச்சு வால்வு: அதன் மெல்லிய ரப்பர் வட்டில் மணல் துகளோ முடியோ சிக்கியிருந்தால் அலசினால் போய்விடும். சிலிண்டரை மூடி வைத்து, வாயால் மெல்ல இழுத்துப் பார்த்தால் காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ திறப்பு இருக்கிறது. வட்டு சுருண்டிருந்தால் மாற்ற வேண்டும்; சிறிய செலவு, தொழில்நுட்பர் சில நிமிடங்களில் செய்வார்.

அறிகுறி 3: டிரைசூட்டுக்குள் ஈரம்

முதலில் அது கசிவா, வியர்வையா என்று பிரிக்க வேண்டும். உள்ளாடை முழுவதும் ஒரே சீராக ஈரப்பதமாக இருந்தால், கனமான உடையுடன் மேல்தளத்தில் நடந்த வியர்வை உடையின் குளிர்ந்த உட்புறத்தில் படிந்திருக்கிறது. உடையில் பிழை இல்லை, இறங்கும் நேரத்துக்கு மிக முன்னதாக உடுத்தியதுதான் பிழை. ஓரிடத்தில் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அது கசிவு, அந்த இடமே காரணத்தைக் காட்டும்.

*மணிக்கட்டும் முன்கையும் நனைந்திருந்தால்*

பெரும்பாலும் உடை நன்றாகவே இருக்கும். கயிற்றையோ விளக்கின் பிடியையோ இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டின் தசைநாண்கள் புடைத்து, அவற்றுக்கு இடையே வாய்க்கால் போல் வழி உண்டாகிறது. உடையின் கைமுனையில் நீரைத் தடுக்கும் ரப்பர் அடைப்பானைச் சற்று மேலே, முன்கையின் சதைப்பற்றுள்ள இடத்துக்கு ஏற்றி மாட்டினால் தீரும்.

*கழுத்தும் மார்பும் நனைந்திருந்தால்*

தலைமுடியோ உள்ளாடையின் விளிம்போ அடைப்பானுக்குள் சிக்கியிருக்கிறதா என்று உடுத்தும்போதே துணைவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அது இல்லையென்றால் அடைப்பானின் லேடெக்ஸ் ரப்பரை இழுத்துப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்போ நுண்ணிய வெடிப்புகளோ தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அடுத்த முழுக்கில் அது உடையின் உள்ளேயே கிழியக்கூடும் என்பதால் மாற்றாமல் இறங்கக் கூடாது.

*இடத் தோளும் மேற்கையும் நனைந்திருந்தால்*

காற்று வெளியேற்றும் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளாடையின் நூல்பஞ்சு அதில் சேர்ந்து வட்டை மூடவிடாமல் செய்வது வழக்கம். நன்னீரில் அலசி, பஞ்சை எடுத்தபின்னும் கசிந்தால் வால்வையே மாற்ற வேண்டும்.

*முதுகோ இடுப்போ தொடையோ நனைந்திருந்தால்*

ஜிப்பின் கடைசி ஒரு விரலளவு மூடாமல் விடப்பட்டிருந்ததா என்பதே முதல் கேள்வி. பிறகு பற்களுக்கு இடையே மணல், அதன்பின் மெழுகு பூசாத வறட்சி, கடைசியாக உடைந்த பல். பல் உடைந்திருந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். அது உடை தைக்கும் பட்டறையின் வேலை, விலையும் மிகுதி.

இடம் பிடிபடாதபோது மணிக்கட்டு அடைப்பான்களில் புட்டிகளையும் கழுத்தில் பந்தையும் செருகி, உடையைக் காற்றால் நிரப்பி, சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வரும் ஊசித் துளையை உட்புறத்தில் பசை பூசி, ஓரிரவு காயவிட்டு நாமே அடைக்கலாம். தையல் நெடுகக் குமிழி வந்தால் பசை பயன்படாது.

அறிகுறி 4: டிரைசூட் தானாக உப்பிக்கொண்டே போகிறது

மேற்பரப்பில் இதைக் கண்டால், உடைக்குள் காற்று விடும் பொத்தானில் உப்பு இறுகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பலமுறை அழுத்திவிட வேண்டும். ஆழத்தில் நேர்ந்தால் சிந்திக்க நேரம் இல்லை: இடத்தோளை உயர்த்தி வெளியேற்றும் வால்வை முழுவதும் திறந்தபடியே மார்பில் உள்ள குழாயைப் பிடுங்க வேண்டும். தடித்த கையுறையுடன் அந்த இணைப்பைக் கழற்ற முடிகிறதா என்பதை ஒவ்வொரு முழுக்குக்கும் முன் மேல்தளத்தில் செய்து பார்ப்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். கால்கள் மேலே தூக்கப்பட்டுவிட்டால் முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு நிமிர வேண்டும், இல்லாவிட்டால் தோளில் உள்ள வால்வால் காற்று வெளியேறாது. ஊறவைத்த பிறகும் ஒருமுறை ஒட்டிக்கொண்ட வால்வு தொழில்நுட்பரிடம் போக வேண்டும்.

அறிகுறி 5: நீரில் இறங்கியதும் அழுத்தமானி குறைவாகக் காட்டுகிறது

பெரும்பாலும் கசிவு இல்லை. 20 டிகிரியில் 232 பார் காட்டிய சிலிண்டர் 6 டிகிரி நீரில் குளிர்ந்ததும் ஏறத்தாழ 220 பார் காட்டும். நிரப்பிய சூடு தணியாமல் 40 டிகிரியில் அளந்திருந்தால் 207 பார் வரை இறங்கும். எனவே காற்றுக் கணக்கைக் குளிர்ந்த எண்ணிலிருந்து போட வேண்டும். குளிர்ந்த பிறகும் முள் இறங்கிக்கொண்டே இருந்தால் துணைவர் பின்புறம் குமிழி பார்க்க வேண்டும்: வால்வின் வாயில் என்றால் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும், குழாயின் உடலில் என்றால் குழாயை மாற்ற வேண்டும், முதல் நிலையின் உடலிலிருந்தே வந்தால் தொழில்நுட்பர்.

அறிகுறி 6: விளக்கு எதிர்பார்த்ததற்கு முன்பே மங்குகிறது

குளிரில் மின்கலம் தன் கொள்ளளவு முழுவதையும் தருவதில்லை. மின்னேற்றிய விளக்கை இரவில் மேல்தளத்தில் விடாமல் அறைக்குள் வைத்தாலே வேறுபாடு தெரியும். அதன்பின் ஓ-ரிங்கில் ஈரம், தொடுமுனையில் பச்சைப் படிவு, பழைய மின்கலம் என்ற வரிசையில் பார்க்கலாம். கப்பலுக்குள் நுழைகிறவர் ஒன்றுக்கு இரண்டு கையிருப்பு விளக்குகளுடன் போக வேண்டும்; முதன்மை விளக்கு மங்கினால் அது திரும்புவதற்கான நேரம்.

அறிகுறி 7: விரல்கள் மரத்துப் போகின்றன

*முழுக்கின்போது என்றால்*

மணிக்கட்டு அடைப்பான் மிக இறுக்கமாக இருக்கிறதா, கையுறையில் நீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலர் கையுறை அணிகிறவர்கள் அடைப்பானுக்கு அடியில் ஒரு மெல்லிய குழலைச் செருகி, உடையின் காற்று கைக்கும் போக வழி செய்யலாம். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியாத நிலை வந்தால் வால்வை மூடவோ இணைப்பைப் பிடுங்கவோ அந்தக் கையால் இயலாது. மேலே சொன்ன மீட்பு முறைகள் எல்லாம் கையை நம்பியவை என்பதால் அந்த நிலைக்கு முன்னரே முழுக்கை முடிக்க வேண்டும். குளிரில் விரல்கள் வெளுத்துப் போகும் இயல்புடையவர் மருத்துவரைக் கலந்தபின் வருவதே முறை.

*நடுக்கம் அடங்காமல் இருந்தால், அல்லது திடீரென நின்றுவிட்டால்*

நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கை தடுமாறினால் உடலின் மையமே குளிர்ந்துவிட்டது. படுக்க வைத்து, மென்மையாக ஈர உடையை நீக்கி, போர்த்தி, கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டும். தேய்த்துவிடுவதும் சுடுநீரில் இறக்குவதும் கூடாது.

*மேலே வந்து உடல் சூடான பின்னும் மரப்பு நீடித்தால்*

இங்கே எல்லோரும் குளிரைக் காரணமாகச் சொல்லிக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் பெருந்தீங்கு. சூடான அறையில் இருந்தும் மரப்பு, கூச்சம், மூட்டு வலி, வழக்கத்துக்கு மாறான சோர்வு, தோலில் திட்டுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை அதை, ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்தநீக்க நோயாகவே கொள்ள வேண்டும். முக்குளிப்புக் கணினி காட்டிய வரம்புக்குள் இருந்தோம் என்பது அதை மறுக்கும் சான்று ஆகாது. நோயாளியைக் கிடத்தி, முழு ஆக்சிஜன் கொடுத்து, படகிலிருந்து விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையிலும் கரையிலிருந்து 999 எண்ணிலும் கடலோரக் காவல் படையைக் கூப்பிட வேண்டும். முக்குளிப்பு மருத்துவரையும் அழுத்த அறையையும் அவர்களே இணைப்பார்கள். ஆழம், நேரம், மேலே ஏறிய விதம், அறிகுறி தொடங்கிய நேரம், ஆக்சிஜன் தொடங்கிய நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி, அவருடைய முக்குளிப்புக் கணினியுடன் சேர்த்து நோயாளியோடு அனுப்ப வேண்டும். அவரோடு இறங்கிய துணைவர் நலமாக உணர்ந்தாலும் அன்று மறுபடி நீரில் இறங்காமல், அவரும் மருத்துவரிடம் போக வேண்டும்.